சுமாராக எடுக்கும் ஆன்டெனா

பொம்மிடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில், தொலைவில் இருப்பவரோடு பேசும் கையடக்க ஹாம் ரேடியோ இருந்தது. அதன் ஆன்டெனா பாதியில் முறிந்திருந்தது. மற்றவர் பையிலிருந்து முழ நீளத்தில் ஒன்றும் விரல் நீளத்தில் ஒன்றுமாக இரண்டு புது ஆன்டெனாக்களை எடுத்துக் காட்டினார்.

“இதுல சுமாரா எடுக்கறது எதுங்க?” என்று ரேடியோக்காரர் கேட்டதும்தான் நான் காது கொடுத்தேன்.

“சுமாரானது எதுக்குங்க? நீளமானதைப் போடுங்க. வத்தல்மலையில உங்க தம்பிக்குப் பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்கும்.”

“பழசும் அப்படித்தாங்க கேட்டுச்சு. பாகம் பிரிச்சதுல இருந்து அவன் என் போனை எடுக்கறதில்ல. ரேடியோவுல கூப்பிட்டா மட்டும் மொறைக்குப் பதில் குடுப்பான். ‘உங்க குரல் தெளிவா கேக்குது’ம்பான். அதோட சரி.”

“இப்ப?”

“போன வாரம் இது முறிஞ்சு போச்சுங்களா, ஒரே கரகரப்பு. ‘திருப்பிச் சொல்லுங்க, திருப்பிச் சொல்லுங்க’ன்னு நாலு தடவை கேட்டான். அஞ்சாவது தடவை, ‘அண்ணா, கொஞ்சம் சத்தமாப் பேசு’ன்னான்.”

மற்றவர் நீளமான ஆன்டெனாவை எடுத்துத் தன் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.