செவ்வரளி மூன்று முறை வந்த விவரம்

பெயர்: ஜெயபிரகாஷ். தகப்பனார் பெயர்: வீரன் (காலஞ்சென்றவர்). வயது: 46. தொழில்: மின்மோட்டார் காயில் கட்டும் கடை, நாமகிரிப்பேட்டை. விலாசம்: மாரியம்மன் கோவில் வடக்குத் தெரு, கரட்டுப்புதூர், நாமக்கல் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். எங்கள் ஊர் மாதையன் என்பவரின் மகள் கிருத்திகா கொடுத்த புகாரின் பேரில் இன்று ஆய்வாளர் என்னை நிலையத்துக்கு அழைத்து விசாரிக்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

எங்கள் ஊருக்கு 'கரட்டுப்புதூர் விவாத மேடை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் போக மீதி நேரம் அதில் விவாதம் நடக்கும். அதிகம் எழுதுபவன் நான். செல்போன் டவர் வந்ததிலிருந்து தென்னையில் குரும்பை கொட்டுகிறது என்று ஒருவர் எழுதினால் ஆதாரம் எங்கே என்று கேட்பேன். இலையைப் படம் எடுத்துப் போட்டால் நோயைச் சொல்லும் செயலி வந்துவிட்டது என்று இன்னொருவர் பெருமையாக எழுதினால் அவரிடமும் கேட்பேன். என் சட்டைப்பையைப் படம் எடுத்து அந்தச் செயலியில் போட்டேன். மாவுப்பூச்சித் தாக்குதல் என்று பதில் வந்தது. அதையும் குழுவில் போட்டேன். விஞ்ஞானம் என்றால் விழுந்து கும்பிடுகிறவர்களும் சாமி என்றால் விழுந்து கும்பிடுகிறவர்களும் எனக்கு ஒன்றுதான். இதனால் இரண்டு பக்கத்திலும் எனக்கு ஆகாதவர்கள் உண்டு. அதை நான் பெருமையாகவே நினைத்து வந்தேன்.

கிருத்திகா விவசாயப் பட்டயப் படிப்பு முடித்து, ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்து, சுற்றுவட்டாரக் காடு தோட்டங்களுக்கு ட்ரோன் மூலம் மருந்து தெளித்து வருகிறார். அவருடைய அப்பா மாதையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்தபோது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது ட்ரோனை வைத்துத்தான். போன மாதம் சின்னுசாமி என்பவரின் மரவள்ளிக் காட்டுக்கு மாவுப்பூச்சி மருந்து அடிக்கப் போவதாக கிருத்திகா குழுவில் தெரிவித்தார். அந்தக் காட்டுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருப்பது என் உடன்பிறந்த அண்ணன் அப்புசாமியின் மல்பெரித் தோட்டம். அண்ணன் பட்டுப்புழு வளர்க்கிறார். அந்தத் தோட்டத்து இலையைத்தான் புழுவுக்குப் போடுவார்.

நான் குழுவில் எழுதியது பின்வருமாறு: "மேலிருந்து அடிக்கும் மருந்து காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது அளந்து பார்த்தீர்களா? பக்கத்தில் மல்பெரி இருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு?" இது கேள்வி. கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன். காற்று மேற்கே வீசும் நேரமாகப் பார்த்து, ஓரத்தில் இடம் விட்டு அடிப்பேன் என்று கிருத்திகா பதில் எழுதினார். அந்த இடம் போதும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். பயிற்சி கொடுத்தவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அதற்குச் சிரிக்கிற படங்கள் வரிசையாக வந்தன. அன்று விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாக எனக்குத் திருப்தி.

அதன் பிறகு என் பதிவு வேறு குழுக்களுக்குப் போய், போகிற வழியில் கேள்விக்குறி கழன்று, 'ட்ரோன் மருந்தால் பட்டுப்புழு அழியும், விஞ்ஞானம் படித்தவர் எச்சரிக்கை' என்று என் கடைக்கே திரும்பி வந்தது. மோட்டார் கொடுக்க வந்த ஒருவர் தன் செல்லை நீட்டி அதை எனக்கே காட்டினார். எழுதியது நான்தான், ஆனால் நான் அப்படி எழுதவில்லை என்று சொன்னேன். இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கிருத்திகா மரவள்ளிக்கு மருந்து அடித்தார். அந்த வாரத்திலேயே, கூடு கட்டும் பருவத்துக்கு வந்திருந்த அண்ணனுடைய புழுக்கள் பச்சைத் தண்ணீராகக் கக்கிச் சாக ஆரம்பித்தன. நான் போய்ப் பார்த்தேன். அண்ணி கண்ணாத்தாள் செத்த புழுக்களை முறத்தில் அள்ளிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் புழு வளர்க்கும் தாங்கியில் இருந்த புழுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "நீ அப்பவே சொன்ன தம்பி. நாந்தான் காதுல வாங்காம உட்டுட்டேன்" என்றார். நான் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தேன் என்று அவரைத் திருத்தினேன். அந்த நேரத்தில் அது தேவையில்லாத பேச்சு.

அதன் பிறகு கிருத்திகா தானே வந்து, செத்த புழுவிலும் மல்பெரி இலையிலும் மாதிரி எடுத்துப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கொடுத்தார். நோயாகவும் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம், சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும் என்று அங்கே சொன்னதாகக் குழுவில் தெரிவித்தார். மருந்துதான் என்று வந்தால் நானே பொறுப்பு ஏற்கிறேன், அதுவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அது நியாயம் என்று நான் எழுதினேன். கோவில் தர்மகர்த்தா ஜெகதீஸ்வரன் மட்டும், அம்மன் இங்கே இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும், பூ கேட்டுவிடலாம் என்று எழுதினார்.

ஆய்வாளர் வெளிமாவட்டத்துக்காரர் என்பதால் பூ கேட்கும் விவரம் சொல்கிறேன். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, காடு வாங்குவதோ, எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் வெளியே தெரியாதபடி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். இன்ன பூ வந்தால் இன்ன பதில் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். எது வந்ததோ அது வாக்கு. இது காசு சுண்டிப் பார்ப்பது மாதிரிதான் என்று எனக்கும் ஜெகதீஸ்வரனுக்கும் வருடக்கணக்காகத் தர்க்கம்.

அந்தத் தர்க்கம் அன்று மறுபடியும் கிளம்பியது. சொல்வது அம்மன் என்றால் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தானே வர வேண்டும் என்று நான் எழுதினேன். எத்தனை முறை வேண்டும் என்று அவர் கேட்டார். மூன்று என்றேன். மருந்துதான் காரணம் என்பதற்குச் செவ்வரளி. மூன்று முறையும் செவ்வரளியே வந்தால் இந்த விஷயத்தில் இனி நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினேன். ஒரு முறையாவது மாறி வரும், ஊரே நேரில் பார்த்துவிடும், இத்தனை வருடத் தர்க்கமும் ஒரே காலையில் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். கிருத்திகாவை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு கிருத்திகா எனக்கு போன் செய்தார். "ஏனுங்ணா, என்ற பொழப்ப வெச்சு நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டறீங்களா?" என்று கேட்டார். பயப்படாதே அம்மணி, எப்படியும் மாறித்தான் வரும், அதோடு இந்தப் பேச்சே அடங்கிவிடும் என்றேன். "மாறி வரலீன்னா?" என்றார். கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோவிலில் பூ கேட்டார்கள். ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்பதற்காக மூன்று முறையும் பொட்டலங்களை நானே மடித்தேன், நானே இடம் மாற்றி வைத்தேன். பூசாரிக்கு எதில் என்ன பூ என்று தெரிந்திருக்க வழியே இல்லை. முதல் முறை செவ்வரளி வந்தது. இரண்டாம் முறையும் அதுவே வந்தது. மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். மடித்தது ஜெயபிரகாஷ், அப்புறம் என்ன சந்தேகம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் போட்ட நிபந்தனைகளே சாமிக்குச் சாட்சியாகப் போய்விட்டன.

நான் பேச வாயெடுத்தேன். மூன்று முறை கேட்டால் எட்டில் ஒரு தடவை இப்படித் தானாகவே வரும், எட்டு ஊரில் கேட்டால் சராசரியாக ஒரு ஊரில் இது நடக்கும் என்று ஆரம்பித்தேன். ஜெகதீஸ்வரன் கையைக் காட்டி நிறுத்தி, "வாயத் தொறக்க மாட்டேன்னு எழுதுனது நீங்கதானுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழுதின வார்த்தைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். பேச வேண்டிய ஒரே இடத்தில் எனக்கு வார்த்தை சுத்தம் முக்கியமாகப் போனது.

அதன் பிறகு கூட்டம் கோவிலிலிருந்து நேராக மாதையன் வீட்டுக்குப் போனது. என் அண்ணன் முன்னால் போனார். நான் பின்னால் போனேன். அந்தக் கூட்டத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பதால், எட்டில் ஒன்று என்ற கணக்கை விளக்கிக் குழுவுக்கு ஒரு பதிவைச் செல்லில் அடித்துக்கொண்டே நடந்தேன். மாதையன் வீட்டு முன் சிமெண்ட் சீட் கொட்டகையில் ட்ரோன் இறக்கைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிருத்திகா அதன் முன்னால் நின்று, சோதனை முடிவு வரட்டும், அதுவரை பறக்க விட மாட்டேன் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்ணா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அப்போது நான் தலை குனிந்து அடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது என் அண்ணன் கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்திருந்தார். முதல் அடியில் மருந்து டேங்கு பிளந்தது. கிருத்திகா குறுக்கே கையை நீட்டினார். இரண்டாவது அடி அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. அண்ணன் வேண்டுமென்றே கையில் அடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஓங்கியதை அவர் நிறுத்தவில்லை. அதை மட்டும் சொல்வேன். அதன் பிறகு அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "சாமி" என்று சொல்லிக் குனிந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கப் போனார். மாதையன் ஊன்றுகோலோடு வந்து அவரைத் தள்ளிவிட்டார். நானும் சின்னுசாமியும் கிருத்திகாவை ஆட்டோவில் ஏற்றி ராசிபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அன்று சாயங்காலத்துக்குள், கிருத்திகா ட்ரோனை அவசரமாகக் கிளப்பப் பார்த்தார், இறக்கை சுற்றிக் கையில் அடித்துவிட்டது, ட்ரோனும் விழுந்து உடைந்தது என்று குழுவில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எழுதினார்கள். கோவிலில் எடுத்த வீடியோ எல்லோரிடமும் இருக்கிறது; மாதையன் வீட்டில் எடுத்தது யாரிடமும் இல்லை. அண்ணன் அடித்ததாகக் கிருத்திகாவின் தம்பி எழுதியதற்கு, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை இத்தனை வருடமாக அந்தக் குழுவுக்குப் பழக்கிவிட்டவன் நான்.

ட்ரோனின் பேட்டரி அப்போது வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கிருத்திகாவின் அம்மா கேட்டு, நானே உள்ளே போய் அந்த இணைப்பைப் பிடுங்கினேன். பேட்டரி இல்லாமல் இறக்கை சுற்றாது.

நீங்கள் சந்தேகப்படுகிறவர் ஆயிற்றே, புழு எதனால் செத்தது என்று நினைக்கிறீர்கள் என ஆய்வாளர் கேட்டதற்கு, எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. மருந்து எவ்வளவு தூரம் போகும் என்ற என் கேள்வி இப்போதும் சரியான கேள்விதான். அதை நான் திரும்பப் பெறவில்லை. நாளைக்கே மருந்துதான் காரணம் என்று முடிவு வந்தாலும் இந்த வாக்குமூலத்தில் ஒரு வரியும் மாறாது. கடப்பாரை யார் கையில் இருந்தது என்பதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. நான் நான்கு அடி தூரத்தில் நின்றேன்.

நேற்று அண்ணி என் வீட்டுக்கு வந்து, "நீயும் எதும் பாக்கலீன்னு சொல்லிப்போடு. ஊரே அதத்தான சொல்லுது" என்று கேட்டுக்கொண்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று, களம் ஒன்று. இதற்குப் பிறகு அங்கே பேச்சு இருக்காது என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன். அண்ணன் கெட்டவர் இல்லை. இதை எழுதத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார், எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் செய்ததும் சொன்னபடியே இருக்கின்றன; கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் ஆய்வாளரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். என்னை இன்று நிலையத்துக்குத் தன் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தவர் என் அண்ணன் அப்புசாமிதான். தம்பி தனக்காகப் பேசப் போகிறான் என்ற நினைப்பில் வெளியே நிற்கிறார். போலீஸார் யாரும் போய் அவரை அழைக்க வேண்டாம். நானே போய்ச் சொல்லிக் கூட்டி வருகிறேன்.

(ஒப்பம்) வீ. ஜெயபிரகாஷ்