நிற்காத புரோகிராம்

மாரீஸ்வரன்: ...கைய எடு யும்னா. அந்தக் கீபோர்டு பக்கம் விரல் போகக் கூடாது.

யும்னா: தொடல சார். சும்மா காட்டுனேன்.

மாரீஸ்வரன்: காட்டுறதுக்கு விரல் எதுக்கு? வாயால காட்டு.

யும்னா: ஸ்கிரீனப் பாருங்க. குளிர் ரூமுக்குள்ள மைனஸ் பதினெட்டு டிகிரி. இப்பத்தான் உள்ள போயி தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டு வாரேன். புரோகிராம் பிளஸ் பதினெட்டுன்னு காட்டுது.

மாரீஸ்வரன்: சின்னக் கோடு ஒண்ணுதானே இல்ல. மனசுல போட்டுக்க வேண்டியதுதான்.

யும்னா: நம்ம போட்டுக்கலாம் சார். அலாரம் போட்டுக்காதே. இறால் பூராம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு சங்கு ஊதிருது.

மாரீஸ்வரன்: மூணு நாளா தெனமும் காலையில ஊதுது. இன்னைக்கு ஊதுனதுல, புயல் கூண்டு ஏத்திட்டாகன்னு பாதிப் போட்டு கரைக்குத் திரும்பிருச்சு. வெயிலு பல்லக் காட்டுது. பாம்பன் பூராம் என்னைய ஏசுது.

யும்னா: மொதலாளி என்ன சொன்னாக?

மாரீஸ்வரன்: இன்னொரு தடவ ஊதுனா, கம்ப்யூட்டருக்குன்னு வச்சிருக்க பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிருங்கன்னாரு.

யும்னா: என்னையவா?

மாரீஸ்வரன்: வேற எந்தப் பிள்ள இங்கன இருக்கு?

யும்னா: ...உச்சிப்புளி தாண்டி வேலைக்கு அனுப்ப மாட்டாக எங்க வாப்பா. இந்த வேலை போனா அடுத்தது நிக்காஹ்தான் சார்.

மாரீஸ்வரன்: நல்ல காரியந்தானே?

யும்னா: மாப்பிள்ள சவுதியில இருக்காக. போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக. ஒனக்கு என்ன செய்யத் தெரியும்னு.

மாரீஸ்வரன்: என்ன சொன்ன?

யும்னா: புரோகிராம் எழுதுவேன்னேன். லைன் கட்டாயிருச்சு.

மாரீஸ்வரன்: சரி, சரி... நீ சொன்ன மாதிரி அந்தப் பாதைய மாத்திட்டேனே. பழைய போல்டர் பேர அழிச்சுட்டு, புதுப் பேர என் கையாலயே அடிச்சேன். அப்பவும் பழைய புத்தி போகலையே.

யும்னா: போகாது சார். புரோகிராம் எல்லா வேலையையும் தானே பாக்காது. சென்சார் சொல்றத டிகிரியா மாத்துறதுக்கு லைப்ரரின்னு ஒரு துணை வச்சிருக்கு. பழைய லைப்ரரிக்குப் புது சென்சாரோட மைனஸ் புரியல. அதனால புது லைப்ரரிய வேற போல்டர்ல வச்சோம். எங்கன போயித் தேடணுங்கிற பாதையத்தான் நீங்க மாத்துனீக.

மாரீஸ்வரன்: மாத்துனேன்ல? போயித் தேட வேண்டியதுதானே?

யும்னா: கெளம்புறப்ப மட்டுந்தான் பாதையப் பாக்கும். இப்ப ஓடுறது பழச ஏத்திக்கிட்டுக் கெளம்புனது.

மாரீஸ்வரன்: நடுவுல ஒருக்கா திரும்பிப் பாத்தா என்னவாம்?

யும்னா: போட்டு நடுக்கடல்ல நிக்குது. நீங்க கரையில புது வலைய வச்சுக்கிட்டு கையாட்டுறீக. அது திரும்பி வந்து, ஏத்திக்கிட்டுப் போனாத்தானே?

மாரீஸ்வரன்: ஆக, நிறுத்தணுங்கிற.

யும்னா: நிறுத்தி ஒடனே ஓட்டணும். ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும்.

மாரீஸ்வரன்: வாசல்ல இருக்க போர்டப் படிச்சிருக்கியா இல்லையா?

யும்னா: ‘திறந்த நாள் முதல் ஒரு நொடியும் நிற்காத கணினிக் கண்காணிப்பு.’ தெனமும் அதுக்குக் கீழதானே சைக்கிள் விடுறேன்.

மாரீஸ்வரன்: மொதலாளி துஆ ஓதுனாரு, நான் தேங்கா ஒடச்சேன். அன்னைக்குக் கெளம்புனது. ரெண்டு பக்கமும் சொல்லி ஆரம்பிச்சத நீ ஒத்த விரலால நிறுத்துவ, நான் ரெண்டு பக்கமும் பதில் சொல்லணுமாக்கும்.

யும்னா: நீங்க இன்னும் சாப்பிடப் போகலையா சார்?

மாரீஸ்வரன்: ஏன்?

யும்னா: இல்ல, மணியாகுதே... நீங்க போயிச் சாப்பிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்.

மாரீஸ்வரன்: என் வயித்து மேல ஒனக்கு என்னம்மா இம்புட்டு அக்கறை? இறால் வாங்குற கொச்சிக்காரரக் கூட்டிக்கிட்டு மொதலாளி வாராரு. உச்சிப்புளி தாண்டியாச்சாம். இப்பச் சோறு எறங்குமா?

யும்னா: அவுக வந்தா சங்க ஊதிக் காட்டுங்கன்னு கேப்பாகளே.

மாரீஸ்வரன்: அதான் பயமா இருக்கு. வயரப் புடுங்கி வச்சிருக்கேன். மாட்டுன நிமிசம் ஊதும்.

யும்னா: சார், ஒண்ணு கேக்கவா? நேத்து சாயங்காலம் மைனஸ் சரியாத்தானே காட்டுச்சு?

மாரீஸ்வரன்: காட்டுச்சு. தன்னால சரியாச்சு.

யும்னா: தன்னாலயா...

மாரீஸ்வரன்: ஆமா. காலையில தன்னாலயே கெட்டுச்சு.

யும்னா: நிக்காம ஓடுனா சாயங்காலம் இருந்ததுதானே காலையிலயும் இருக்கணும்?

மாரீஸ்வரன்: உப்புக்காத்து. துருப் புடிச்சிருக்கும்.

யும்னா: அந்த ஒத்தக் கோட்டுல மட்டுமா?

மாரீஸ்வரன்: கேள்வி கேக்காத. நீ சொல்ற மாதிரி நிறுத்தி ஓட்டுனாலும் பிரயோசனம் இல்ல. இன்னைக்குக் காலையில மூடித் தொறந்தப்பயும் பிளஸ்தான் வந்துச்சு.

யும்னா: மூடித் தொறந்தீகளா?

மாரீஸ்வரன்: ...கதவச் சொன்னேன்.

யும்னா: கதவுல எப்படி சார் பிளஸ் வரும்?

மாரீஸ்வரன்: அந்தக் கதவச் சாத்தும்மா மொத.

யும்னா: சாத்திட்டேன்.

மாரீஸ்வரன்: தாப்பாளப் போடாத, ஆளுக பேசுவாக. சும்மா சாத்து... பரமக்குடியில எங்க அய்யா ஜவுளிக்கடை வச்சிருந்தாரு. காலையில ஷட்டரத் தொட்டுக் கும்புட்டுத் தொறந்தாத்தான் அவருக்கு நாளே பொறக்கும். இங்கன எதத் தொறக்க? ராத்திரியும் பகலும் அதுபாட்டுக்கு ஓடுது. எனக்கு வேலைக்கு வந்த மாதிரியே இல்ல.

யும்னா: அதனால?

மாரீஸ்வரன்: காலையில வந்ததும் ஒரு தடவ மூடுவேன். நல்ல நேரம் பாத்து, தொட்டுக் கும்புட்டு, தொறப்பேன்.

யும்னா: தெனமுமா?

மாரீஸ்வரன்: ஞாயித்துக்கெழம லீவு.

யும்னா: எத அமுக்கித் தொறப்பீக?

மாரீஸ்வரன்: இந்தா, மூலையில இருக்கே ஐகான். திறப்பு விழா அன்னைக்கு வச்சது. ஸ்கிரீன்ல பொட்டு வச்ச அடையாளம் இன்னும் இருக்கு பாரு.

யும்னா: இத நான் அமுக்குனதே இல்ல. கொஞ்சம் தள்ளுங்க... யா அல்லாஹ்.

மாரீஸ்வரன்: என்னம்மா?

யும்னா: இந்த ஐகானுக்குள்ளயே பழைய பாதைய எழுதி வச்சிருக்கு. வெளியில நீங்க எத மாத்துனாலும், இத அமுக்குனா பழைய போல்டருக்குத்தான் போகும்.

மாரீஸ்வரன்: அப்ப தெனமும் காலையில...

யும்னா: பக்தியாக் கும்புட்டு, பழைய லைப்ரரிய ஏத்தி விட்டிருக்கீக.

மாரீஸ்வரன்: அப்ப சங்கு ஊதுனது...

யும்னா: நீங்கதான் சார்.

மாரீஸ்வரன்: ...எம் பேரச் சொல்லிராத தாயி. அந்தப் போர்ட எழுத வச்சதே நாந்தான். மொதலாளிக்குத் தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியாது.

யும்னா: சொல்ல மாட்டேன். ஐகானுக்குள்ள புதுப் பாதைய எழுதிட்டேன். இப்ப நிறுத்தலாமா?

மாரீஸ்வரன்: இரு, எமகண்டம் முடிஞ்சுருச்சான்னு...

யும்னா: கார் சத்தம் கேக்குது சார்.

மாரீஸ்வரன்: அமுக்கு.

யும்னா: நீங்களே அமுக்குங்க. பழகுன கை.

மாரீஸ்வரன்: ...கருப்பாயிருச்சு. வரலையே. யும்னா, வரலையே.

யும்னா: வரும்.

மாரீஸ்வரன்: காலையில இம்புட்டு நேரம் ஆகாதே... வந்துருச்சு. கோடு வந்துருச்சு. மைனஸ் பதினெட்டு.

யும்னா: சங்கு வயர மாட்டிட்டேன் சார்.

மாரீஸ்வரன்: ...ஊதல.

யும்னா: ஊதல.

ஹசன் அலி: அஸ்ஸலாமு அலைக்கும். என்ன, கதவச் சாத்திக்கிட்டு?

யும்னா: வ அலைக்குமுஸ்ஸலாம் மொதலாளி.

மாரீஸ்வரன்: உப்புக்காத்து மொதலாளி. அதான் சாத்துனோம்.

ஹசன் அலி: கொச்சிக்காரர் வாசல்ல நம்ம போர்டப் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காரு. அவரு உள்ள வாரதுக்குள்ள சொல்லுங்க. காலையில சங்கு எதுக்கு ஊதுச்சு? யாரு பண்ணுன கூத்து?

மாரீஸ்வரன்: அது வந்து மொதலாளி...

யும்னா: என் தப்புதான். பழைய லைப்ரரி இருக்கிற பாதையில போயிருச்சு. இப்ப மாத்திட்டேன்.

ஹசன் அலி: இனிமே ஊதாதே?

யும்னா: ஊதாது.

ஹசன் அலி: நடுவுல நிக்கல்லாம் இல்லையே? கொச்சிக்காரர் மொதக் கேள்வியே அதான் கேப்பாரு.

மாரீஸ்வரன்: ஒரு நொடி நிக்கல மொதலாளி. நிக்கவும் நிக்காது.

ஹசன் அலி: அல்ஹம்துலில்லாஹ். அப்பறம் இதுக்கு எதுக்கு மேனேஜரே தனியா ஒரு ஆளு?

மாரீஸ்வரன்: எதுக்கு?

ஹசன் அலி: இதுக்குத்தான். நிக்கவும் நிக்காது, இனிமே கெடவும் கெடாது. அதப் பாத்துக்கிட்டு ஒரு பிள்ள உக்காந்திருக்கணுமா? நேத்து ஒன் வாப்பாவப் பள்ளிவாசல்ல பாத்தேம்மா. சம்பந்தம் பேசி வச்சிருக்காராம். தப்ப ஒத்துக்கிட்ட, சரியும் பண்ணிட்ட. சந்தோசமாப் போயிட்டு வா.

யும்னா: ...சரிங்க மொதலாளி.

மாரீஸ்வரன்: பையை எடுக்காதம்மா. இரு.

ஹசன் அலி: ஒமக்கு என்னய்யா, குளிர் ரூம் பக்கத்துல நின்னுக்கிட்டு இப்படி வேர்க்குது?

யும்னா: சார், வேண்டாம்...

மாரீஸ்வரன்: நிக்கும் மொதலாளி, ஆளு வேணும். தெனமும் ரெண்டு தடவ நிக்குது. காலையில கும்புட்டுத் தொறக்குறேன்னு நான் நிறுத்திக் கெடுக்குறேன், மத்தியானம் நான் சாப்பிடப் போனதும் இந்தப் பிள்ள யாருக்கும் தெரியாம நிறுத்திச் சரி பண்ணுது. ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்... கேட்டா என் கதையும் வெளிய வந்துருமேன்னு கேக்கல.