பெரியவருக்கு உடம்பு சரியில்லை

புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் கிளட்சின் மேல் காலை வைத்தபடியேதான் ஓட்டுவார்கள். தலைபாடாய் அடித்துக்கொண்டாலும் எடுக்க மாட்டார்கள். என் மனைவி ஒரே ஒரு தடவை சொன்னதும் எடுத்துவிட்டாள். நான் எதைச் சொன்னாலும் அப்படியே பிடித்துக்கொள்வாள், மறுபேச்சு கிடையாது. அவளுக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியுமா என்றுதானே நீங்கள் முதலில் கேட்டீர்கள். தெரியும். என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். நடந்ததில் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் அச்சகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கை சும்மா இருக்காது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு நான் திருகவும் துடைக்கவும் மிச்சமிருந்தது எங்கள் கார் ஒன்றுதான். வேறொருவர் ஓட்டித் தள்ளிய பழைய கார். அவள் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் கிளம்பாமல் இருமிக்கொண்டு நின்றால், பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். நான் ஸ்பேனரோடு போவேன். ஆயில் மாற்றுவது, பிளக்கைச் சுத்தம் செய்வது, டயரை இடம் மாற்றிப் போடுவது எல்லாம் நானே. மெக்கானிக் கடைக்கு விட்டால் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்து அனுப்புவார்கள் என்பது என் எண்ணம். இதை நான் சொல்வது இப்போது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வேலைக்குப் போன காலம் முழுவதும் அவள் வீட்டில் தனியாக இருந்தாள். நான் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து அவள் வேலைக்குக் கிளம்பினாள். ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு நாற்றுப் பண்ணை. செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, தொட்டி மாற்றுவது, வாங்க வருகிறவர்களிடம் பேசுவது. பேச்சுக்கு அங்கே பஞ்சமில்லை. பேருந்து போகாத இடம் என்பதால் நானே ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்த நாட்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கியரின் மேல் இருக்கும் அவள் கையின் மேல் என் கையை வைத்திருப்பேன். பிறகு அவளுக்கு என் கை தேவைப்படவில்லை.

ஒருநாள் பண்ணையிலிருந்து போன் வந்தது. வண்டியில் உயிரே இல்லை என்றாள். போய்ப் பார்த்தேன். பேட்டரியின் முனையில் வயர் தளர்ந்திருந்தது, தானாகத்தான். ஒரு திருகு திருகினேன், கிளம்பிவிட்டது. சுற்றி நின்றவர்களிடம் அவள், "இவர்தான் எங்க வீட்டுக்காரர். இவர் கை பட்டா போதும்" என்றாள். என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர முடிகிறது. வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த தடவை அந்த வயரைத் தளர்த்தியது நான்.

அதற்குப் பிறகு வேறு வேறு இடங்கள். ஒரு ஃபியூஸ், ஒரு டயரின் காற்று, ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒரு வயர். வண்டி நடுவழியில் மக்கர் செய்யும்படி எதையும் தொட்டதில்லை. நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது, அவ்வளவுதான். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன். அவள் கூப்பிடுவாள், நான் போவேன், சரிசெய்வேன், சேர்ந்து வீட்டுக்கு வருவோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் சில நாள் அவளால் நேரத்துக்குப் போக முடியவில்லை. பண்ணைக்கார அம்மா எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

பண்ணையின் சரக்கு வண்டி ஓட்டுநர் நல்ல மனிதர். அவரையும் நீங்கள் விசாரித்ததாகச் சொன்னார்கள், பாவம், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். வயரை எப்படி இறுக்குவது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, ஸ்டெப்னியை எப்படி மாட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு சாயந்திரம் கையெல்லாம் கரியோடு வந்து நின்றாள்.

"பெரியவர் இன்னைக்கும் படுத்துட்டாரு. உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே சரி பண்ணிட்டேன்" என்றாள்.

பாராட்டினேன். மனதாரப் பாராட்டியது மாதிரிதான் இருந்திருக்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பையில் சின்னதாக ஒரு ஸ்பேனரும் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தப் பையை உங்கள் ஆட்கள் என்னிடம் கொடுத்தபோது அது உள்ளேயே இருந்தது.

அதன்பின் வீட்டில் எனக்கு என்ன வேலை, சொல்லுங்கள். அவள் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிடுவேன், தட்டைக் கழுவுவேன், ஜன்னலில் நிற்பேன். அவள் வந்ததும் செடிகளைப் பற்றிப் பேசுவாள். எனக்கு ஒரு பெயரும் வாயில் நுழையாது. ஆனாலும் அவள் வந்தாள், அது போதுமாக இருந்தது. இந்த நிலையில்தான் பண்ணைக்கார அம்மா அடுத்த ஊரில் இன்னொரு பண்ணை போட்டு, அதை இவள் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். அங்கேயே ஒரு அறை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லச் சொன்னார். இவள் போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் காத்திருந்தது.

"நீங்களும் வந்துடுங்களேன். அங்க தண்ணி மோட்டார், பைப்புன்னு உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்" என்று கூப்பிடவும் செய்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே இன்னும் புரியவில்லை. அவளாகவே போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

பிரேக்கைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்டீர்கள். அதற்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வண்டி கேட்டைத் தாண்டும் முன், ஓட்டுகிறவர் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். பெடல் கெட்டியாக நின்றால் போகலாம். கீழே இறங்கினால் இன்ஜினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்த முதல் நாள் அவளுக்கு நான் சொன்ன பாடம் இது. கடைக்குப் போனாலும் செய்வாள், மழையில் அவசரமாகக் கிளம்பினாலும் செய்வாள். தவிரவும், பிரேக் அந்தச் சின்ன ஸ்பேனருக்கு அடங்குகிற விஷயமில்லை.

அதனால் அவள் அந்த இடத்தைப் பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் வண்டிக்கு அடியில் படுத்து, பின் சக்கரத்தில் பிரேக் ஆயிலில் சேரும் காற்றை வெளியேற்ற இருக்கும் நட்டைத் தளர்த்திவிட்டேன். காலையில் அழுத்துவாள், பெடல் இறங்கும், கூப்பிடுவாள். நான் சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சில நாள் இழுத்தடிப்பேன். அதற்குள் அந்த வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். என் கணக்கில் வண்டி கேட்டைத் தாண்டவே தாண்டாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் மேல் எனக்கு உயிர்.

அடுத்த ஊருக்குப் போகும் சாலையின் இறக்கத்தில் வளைவு இருப்பதும், கீழே கல் ஏற்றும் லாரிகள் நிற்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அந்தச் சாலையில்தான். வண்டியைச் சோதித்த அதிகாரி நட்டில் ஸ்பேனர் பட்ட புதுத் தடத்தைக் கண்டுபிடித்தாராம். நல்ல கண்.

முதல் நாள் உங்களிடம், அவள் அன்றைக்கு அவசரத்தில் பிரேக்கை அழுத்திப் பார்க்க மறந்துவிட்டாள் என்று சொன்னேன். அது பொய். செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டது தப்பு. இத்தனை நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான், அதனால்தான் நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அழுத்திப் பார்த்தாள். நான் கேட்டில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் சட்டென்று மாறியதைப் பார்த்தேன். மறுபடியும் அழுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"என்னங்க, பிரேக் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்கே."

இறங்கு, பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

"நேத்து சாயந்திரமெல்லாம் அடியில படுத்துக் கிடந்தீங்களே, ஏதோ புதுசா மாட்டியிருப்பீங்க. நீங்க பார்த்த வண்டி. உங்கள நம்பாம என் கால நம்புவேனா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இறங்கு என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்திருப்பாள். இப்போது அவளுக்கு நட்டு, வயர் எல்லாம் தெரியும். இந்த நட்டிலிருந்து அந்த ஃபியூஸுக்கும், அங்கிருந்து முதல் வயருக்கும் போய்ச்சேர அவளுக்கு வெகுநேரம் ஆகியிருக்காது. அதன்பின் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

என்னை அவ்வளவு நம்புகிறவளைத் தடுத்து நிறுத்த மனசு வரவில்லை. பார்த்துப் போ என்று சொல்லி, கேட்டை நானே அகலத் திறந்துவிட்டேன்.