விழாத சுவிட்ச்

ஏஞ்சல் மீனுக்குக் குளிர் ஆகாது. மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போகும். அதனால்தான் ஹீட்டர் போட்டேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. மீன்கள்மேல் எனக்கிருந்த அக்கறை பொய்யில்லை.

முப்பத்திரண்டு வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊர் செம்மண்டலத்தில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன கார்த்திகையில் மீன்கள் தீனி எடுக்காமல் ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. ஜோடி சேருகிற பருவம் என்றேன். என் மருமகள் ஸ்ரீமதி நம்பவில்லை. சிதம்பரத்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் தன் தம்பி சிலம்பரசனை வரவழைத்தாள். அவன் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, என் மகன் எதிரிலேயே சொன்னான்.

“மாமா, ஹீட்டர் கண்ணாடி வெடிச்சிருக்கு. கரண்ட்டு தண்ணில எறங்குது. தூக்கிப் போட்டுடுங்க.”

மகன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. நான் கூனிக் குறுகிப் போனேன். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்றையும் சிலம்பரசன் மாட்டிவிட்டுப் போனான்.

ஹீட்டரை நான் தூக்கிப் போடவில்லை. வெடிப்பில் பசை தடவி, புதுசு வாங்கினேன் என்று சொன்னேன். மறுநாள் ஸ்ரீமதி தொட்டியில் கை வைத்ததும் சுவிட்ச் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. தம்பிக்குப் போன் போடுகிறேன் என்றாள். வேண்டாம், அவன் மாட்டிய சுவிட்சில்தான் கோளாறு, நானே பார்க்கிறேன் என்றேன். அவள் குளிக்கப் போன நேரத்தில், தொட்டிக்குப் போகும் லைனை மட்டும் அந்தச் சுவிட்ச் வழியாக விடாமல் நேராகக் கொடுத்தேன். சரி பண்ணிவிட்டேன், இனி விழாது என்று அவளிடம் சொன்னேன். விழவுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, வீடு கழுவிய ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, தொட்டிக்குள் கையை விட்டுப் பாசி துடைத்திருக்கிறாள். எனக்கு வாளி உருண்ட சத்தம்தான் கேட்டது.

ஆளைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும் என்பது விதி. அணைத்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. லைனைப் பழையபடி சுவிட்சில் மாட்டினேன். திருகாணி பிடிக்க நேரமாயிற்று. அதன் பிறகுதான் அவளிடம் போனேன். உடனே நெஞ்சை அமுக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு அமுக்கத் தெரியும். வேலையில் சேர்ந்தபோதே சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை எழுதக் கூசுகிறது. ஆனால் சிலம்பரசன் தொழிலையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அவன் என் காலில் விழுந்தான். “மாமா, நான் மாட்டுன சுவிட்ச் விழல. அக்காவ நானே கொன்னுட்டேன்” என்று அழுதான். அவனைத் தூக்கி நிறுத்தி, மன்னித்துவிட்டேன் என்றேன். பெரிய மனசு என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அந்த நேரத்தில், ஐயா, எனக்கும் அப்படித்தான் பட்டது.