ரஷ்யாக்காரர் சொன்ன ‘டா’

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தொண்டூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கோட்டை பாக்க வந்த ரஷ்யாக்காரர, எங்க வூட்டுக்காரு ஆட்டோவுலேர்ந்து நடுரோட்டுல எறக்கி வுட்டுட்டாரு.”

“ஏன்டி?”

“எது கேட்டாலும் ‘டா, டா’ன்னாராம். மரியாதை இல்லியாம்.”

“அடப்பாவமே!”

“அவங்க பாஷையில அதுக்கு ‘ஆமா’ன்னு அர்த்தம்னு கூட வந்த கைடு சொல்லியிருக்காரு. இவரு கேக்கலியே!”

“அவ்ளோ ரோஷமா?”

“ரோஷமாம், ரோஷம்! ஆட்டோ ஓனரு மவன் இப்பதான் காலேஜ் போறான். தெனம் சாயங்காலம் வண்டியத் திருப்பி வுடப் போனா, ‘டேய், சாவியக் குட்றா’ங்கிறான். அது நம்ம பாஷதான், நல்லாவே புரியுது. இவரு பல்லக் காட்டிக்கினு ரெண்டு கையாலயும் நீட்டுறாரு.”