பந்தி முடிகிற வரைக்கும்

கேசரியில் முந்திரி கொஞ்சம் கம்மியாகிவிட்டது. அதைத் தவிர என் மகளின் நிச்சயதார்த்தத்தில் நான் வேறு எந்தக் குறையும் வைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் பெயர் காசிநாதன். இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவன். பதவி போய் எட்டு வருஷம் ஆகியும் ஊரில் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. கூப்பிடாதவர்களை ஞாபகம் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். கரும்பு பதினோரு ஏக்கர் இருக்கிறது. ஆற்றை ஒட்டி அம்மா பெயரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் முன்பு ஓர் ஓடை இருந்தது என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இருந்தது உண்மைதான். மண்டபம் வந்த பிறகு அது வேறு பக்கமாகப் போகப் பழகிக்கொண்டது. அந்த வேறு பக்கத்தில்தான் கீழத்தெரு இருக்கிறது. முப்பத்தெட்டு வீடு. கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள். என் கரும்பை வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள், அதனால் அந்தத் தெருமேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

என் மகள் எழில்மதிக்கு இருபத்தெட்டு வயது. கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இரண்டு சம்பந்தம் கூடி வந்து தட்டிப்போனது. முதல் தடவை, அவர்கள் பெண் பார்க்க உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது தடவை, வருகிற வழியில் அவர்கள் வண்டி பஞ்சர். இதற்கெல்லாமா பெண் வேண்டாம் என்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மூன்றாவதாக வந்ததுதான் உளுந்தூர்பேட்டை வரன். நெடுஞ்சாலையில் பெரிய ஓட்டல் நடத்துகிற குடும்பம். பையன் சிவசங்கர், சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. ஆனால் அந்த வீட்டில் சொல்கிறவர் பையனின் அம்மா நிர்மலா. வழியில் யாராவது தும்மினால் வண்டியை நிறுத்தி, தும்மினது யார் என்று விசாரித்துவிட்டுப் போகிற ரகம்.

அன்றைக்கு மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு மழை இந்தப் பக்கத்துப் பதிவேட்டிலேயே கிடையாது என்று பிறகு சொன்னார்கள். கல்வராயன் மலையில் விழுந்த தண்ணீர் பூராவும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளே கரண்ட் போய்விட்டது, செல்போன் டவரும் படுத்துவிட்டது. என் மனைவி விஜயலட்சுமி, தேதியைத் தள்ளிப்போடலாமே என்றாள். மூன்றாவது சம்பந்தத்தைத் தள்ளிப்போட்டால் பிறகு தள்ளுவதற்கே ஒன்றும் இருக்காது என்றேன். மண்டபத்துக்கு ஜெனரேட்டர் வரவழைத்தேன். மைக் செட் வைத்து, கூம்பு ஒலிபெருக்கி நான்கைக் கீழத்தெருவைப் பார்க்கக் கட்டச் சொன்னேன். ஏழை ஜனங்களும் பாட்டுக் கேட்கட்டுமே.

மாப்பிள்ளை வீட்டார் மேட்டுச் சாலை வழியாக ஒன்பதரை மணிக்கு ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நிர்மலா அம்மா குடைக்குள்ளிருந்தே சொன்னார்:

"மழையோட பொண்ணு எடுக்கறது நல்லதுதான் சம்பந்தி. ஆனா ஒண்ணு, ஆரம்பிச்சா நடுவுல நிக்கக் கூடாது. நின்னா அது எங்க வூட்டுக்கு ஆவாது. அப்புறம் என்னைக் கொற சொல்லாதீங்க."

நிற்காது என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். இந்தக் கதை முழுவதும் அதுதான், மேடம்.

பத்து மணிக்குக் கண்ணாயிரம் வந்தார். எங்கள் ஊர்க் கிராம உதவியாளர். மழைக்கோட்டு போட்டும் உள்ளே போட்டிருந்த காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நல்லவேளையாக மண்டபத்தின் பின்வாசல் வழியாகத்தான் வந்தார். சம்பந்தி யாரும் பார்க்கவில்லை.

"தலைவரே, அணையத் தொறந்துட்டாங்க. மலத்தண்ணியும் சேந்து வந்துக்கினு இருக்கு. ரெண்டு மணி நேரத்துல இங்க வந்துடுமாம். கீழத்தெருவக் காலி பண்ணி ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லி வி.ஏ.ஓ. சொல்லிவுட்டாரு. அவரு பாலத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கினாரு. என் கையில இருக்கற மைக்கு நனைஞ்சி வேல செய்யல. உங்க மைக் செட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா தெரு பூரா கேக்கும்."

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மைக் செட்டின் அடியில்தான் சம்பந்தி வீட்டார் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் நிர்மலா அம்மா பஸ்ஸில் ஏறிவிடுவார். நான் மனசுக்குள் நேரத்தைப் பிரித்துப் பார்த்தேன். தாம்பூலம் மாற்ற பதினொன்று. பந்தி முக்கால் மணி நேரம். பன்னிரண்டுக்குள் அவர்களை வழியனுப்பிவிட்டுச் சொன்னால்கூட ஜனங்கள் ஓடுவதற்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கும்.

"சொல்லிடலாம். நீ மொதல்ல சாப்பிடு கண்ணாயிரம்," என்றேன்.

"சாப்பாடு இன்னா தலைவரே, அப்புறம் பாத்துக்கலாம். அப்ப நான் தெருவுக்கு ஓடறேன். எங்க நைனா வேற தனியா படுத்துக்கினு இருக்காரு."

அவருடைய அப்பா செல்லமுத்து ஒரு காலத்தில் என்னிடம் கரும்பு வெட்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. வீடு தெருவின் கடைக்கோடியில், ஆற்றைத் தொட்டாற்போல. மருமகள் பூமாலை, அதாவது கண்ணாயிரத்தின் மனைவி, அன்றைக்கு எங்கள் மண்டபத்தில் பாத்திரம் தேய்க்க வந்திருந்தாள்; புருஷன் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"உங்க நைனாவத் தூக்கியாரச் சொல்லி டிராக்டர் அனுப்பிட்டேன். நம்ம டிராக்டர் ஓட்டற பழனி போயிருக்கான். மைக்குல இப்பச் சொல்லச் சொல்றேன். நீ நனைஞ்சி கெடக்க, அந்த ரூம்ல போய் உக்காந்து சாப்பிடு," என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார வைத்து, என் கையாலேயே இலை போட்டு, பொங்கல், வடை, கேசரி பரிமாறினேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். பூட்டவில்லை. உங்கள் ஆள் பூட்டியதாக எழுதியிருக்கிறார், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வெறும் தாழ்ப்பாள்தான். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கண்ணாயிரம் வேகமாகச் சாப்பிடுகிறவர். பத்தே நிமிஷத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டார். அது புதுசாகப் போட்ட இரும்புக் கதவு. நல்ல சத்தம் வரும். நிர்மலா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சத்தம் அது?"

"தேங்கா ஒடைக்கிறாங்க சம்பந்தி."

"அவ்ளோ தேங்காயா?"

"நம்ம வூட்டுக் காரியம்னா சும்மாவா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த எழில்மதி மட்டும் சாமான் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் நாதஸ்வரக்காரரிடம் போய், இன்னும் கொஞ்சம் தாராளமாக வாசியுங்கள் என்றேன். மைக் செட்காரரும் சத்தத்தை ஏற்றினார். கண்ணாயிரத்தின் தட்டல் தவிலோடு கலந்துபோய்விட்டது. ஒரு கட்டத்தில் தாளம்கூடச் சேர்ந்துவிட்டது என்றால் நம்பமாட்டீர்கள்.

தாம்பூலம் மாற்றினோம். மாப்பிள்ளை மோதிரம் போட்டார். பந்தி உட்கார்ந்தது. பதினொன்றரைக்கு நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது ஆறு தென்னந்தோப்புக்குள் வந்திருந்தது. செம்மண் நிறத் தண்ணீர். ஒரு கூரையும் ஒரு பிளாஸ்டிக் குடமும் அவசரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பூமாலை அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"தலைவரே, தண்ணி ஜாஸ்தியாயிக்கினே போவுது. வூட்ல மாமா இருக்காரு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"மழத்தண்ணிம்மா. தானா வடிஞ்சிடும். பந்தி முடியட்டும், அப்புறம் போவலாம்."

அவள் மறுபடி உட்கார்ந்து தேய்த்தாள். சொன்னால் கேட்கிற பெண். அந்தக் குடும்பமே அப்படித்தான்.

உள்ளே வந்தால் நிர்மலா அம்மா மூன்றாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் கவலை வந்தது அப்போதுதான். ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. நானே வாளியை வாங்கி ஊற்றினேன். ஜவ்வரிசி நன்றாக வெந்திருக்கிறது என்று ரசித்து ரசித்துக் குடித்தார். பிறகு வெற்றிலை. பிறகு பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு வழக்கு. பன்னிரண்டேகாலுக்கு பஸ் கிளம்பி மேட்டுச் சாலையில் ஏறியது. அதன் பின்விளக்கு மறைகிற வரைக்கும் மழையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அது மரியாதை.

அதன் பிறகு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. மைக்கைப் பிடித்து நானே அறிவித்தேன். என் குரல் மைக்குக்கு எடுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். தெருவில் அப்போது முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். பத்து நிமிஷத்தில் இடுப்பு, இருபது நிமிஷத்தில் கழுத்து. ஜனங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பூமாலை மட்டும் எதிர்ப்பக்கமாக, தெருவின் கடைக்கோடியைப் பார்த்து ஓடினாள். இரண்டு பேர் அவளை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

முப்பத்தெட்டு வீடும் போயிற்று. ஆடு, கோழி எண்ணவில்லை. ஆனால் ஆட்களில் ஒரே ஒருவர்தான். அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு அது மிகவும் கம்மி.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் எங்கள் பந்தியில் மிச்சமான சாப்பாட்டைத்தான் கொடுத்தேன். தலைவர் மட்டும் மைக்கில் சொல்லாமல் இருந்திருந்தால் தெருவே செத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் எனக்குத் துண்டு போர்த்தினார். வாங்கிக்கொண்டேன். பூமாலை என் கிட்டே வந்தாள்.

"எங்கூட்டுக்காரரக் காணமே தலைவரே. மாமாவையும் காணம்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க," என்றேன். அதில் பொய் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ரப்பர் படகில் போன தீயணைப்புக்காரர்களுக்கு மண்டபத்துக்குள் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அதுவரைக்கும் தட்டிக்கொண்டிருந்தார் என்றால் எவ்வளவு பொறுமைசாலி பாருங்கள். மூட்டைமேல் மூட்டை அடுக்கி, பரணில் ஏறி, விட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மிதந்து வந்த பரங்கிக்காய் ஒன்று அடிக்கடி முகத்தில் மோதியதாம். பள்ளிக்கூடத்தில் அவரைக் கொண்டுவந்து விட்டபோது, அவசரத்தில் தாழ்ப்பாளை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க உள்ள உக்கார வெக்கலன்னா நான் தெருவுல போயி செத்திருப்பேன் தலைவரே. எங்க நைனா எங்க?"

பழனியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

செல்லமுத்து இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார். என் கரும்பு வயலில்தான். கட்டிலின் கயிற்றைக் கையில் சுற்றியபடி கிடந்தார். காரியம் முடிந்ததும் கண்ணாயிரம் பழனியிடம் போய், டிராக்டரோடு எப்போது போனாய் என்று கேட்டிருக்கிறார். என்னை யாரும் அனுப்பவே இல்லையே, நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று பழனி சொல்லிவிட்டான். பத்து வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவன். போனேன், தண்ணீர் அதிகம், திரும்பிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் சமயோசிதம் இருக்காது.

அன்று எழில்மதி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு ஒடைச்சது தேங்கா இல்லல்ல?"

நான் செய்தித்தாளைப் புரட்டினேன். மறுநாள் அவளே பஸ் ஏறி உளுந்தூர்பேட்டைக்குப் போய் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பெண்ணே நேரில் வந்து மோதிரத்தைத் திருப்பித் தந்தால் அது என்ன சகுனம் என்று நிர்மலா அம்மாவுக்கே தெரியவில்லையாம். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சம்பந்தம். யாருக்காகப் பட்டேன் என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தாழ்ப்பாளை மறந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அது சரியில்லை. பஸ் போனதும் முதலில் சாமான் அறைக்குத்தான் போனேன். கணுக்கால் தண்ணீர். தாழ்ப்பாளில் கை வைத்தேன். சத்தம் கேட்டு உள்ளே தட்டல் நின்றது.

"தலைவரே, நீங்களா?" என்றார். "நைனாவ ஏத்திட்டாங்களா?"

கதவைத் திறந்தால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மைக் பக்கம் நடந்தேன். தண்ணீர் அவ்வளவு உயரம் வராது என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. வரும் என்றுதான் நினைத்தேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்?

வெளியே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாயிரத்துக்கும் பூமாலைக்கும் துணையாக வந்தாளாம், புகார் மனுவையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாளாம். அதனால் அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மேடம். ஏழைகள் அழுதால் தாங்கமாட்டாள், இளகின மனசு. அந்த விஷயத்தில் அவள் அப்படியே என்னைப் போல.