ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பதுளையிலிருந்து நமுனுகுலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் கிளினிக் மருந்துப் பைகளுடன்.

“இம்புட்டு நாளா பிரஷர் மாத்திரைய ஞாயித்துக்கெழம மட்டுந்தான் குடிச்சேன்க்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்டி?”

“குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. தேயில மலையில கொழுந்து எடுக்குறப்ப எங்க போயி ஒதுங்குறது? கங்காணி பின்னாலயே நிப்பாரு.”

“டொக்டர்கிட்ட சொல்லலாம்ல?”

“எப்படிக்கா சொல்றது? பிரஷர் எறங்கலன்னு அவரு மாத்திரைய கூட்டிக்கிட்டே போனாரு. புதுசா வந்த நர்ஸ் மிஸ்ஸிதான் என்ன வேலன்னு கேட்டாங்க. டொக்டர்கிட்ட பேசி, வேல விட்டு வந்து குடிக்கிற மாதிரி மாத்திக் குடுத்தாங்க.”

மூத்தவள் தன் பையிலிருந்த மாத்திரைகளை எடுத்துப் பார்த்தாள்.

“நானும் ஞாயித்துக்கெழமதான்டி. அந்த மிஸ்ஸி எந்த மேசையில இருப்பாங்க?”